நட்ட கல்லும் பாடாத பாட்டும்

பேராக் ஆறு கடலைச் சேருமிடத்தின் தென்கரையில், தென்னந்தோப்புகளுக்கிடையே அமைந்த ஊர் பாகான் டத்தோ. 2017இல் அது தனி மாவட்டமாயிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே தேங்காய்க்குப் பெயர் பெற்றுவிட்டது. அத்தோட்டங்களில் காய் பறித்தும் மட்டை உரித்தும் கொப்பரை உலர்த்தியும் வாழ்ந்த தமிழர் வீட்டில் முன்னாளில் ஒரு சாவு விழுந்தால், செய்தியை முதலில் சொல்வது தப்புதான். தப்பொலி கேட்டவுடன் லயத்துப் பெண்கள் வருவர். வாசலில் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டுக்கொள்வர். கிழவி ஒருத்தி முதலடி எடுப்பாள். ஏனையோர் அடியின் இறுதியில் குரல் சேர்ப்பர். இறந்தவன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினான், எந்தத் தண்டலிடம் ஏச்சு வாங்கினான், யாரைக் கைப்பிடித்தான், எத்தனை பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தான் என்பதெல்லாம் அவள் பாட்டில் வரும். தோட்டத்து அலுவலகப் பேரேட்டில் இடம்பெறாத வரலாறு அது.

இன்று அதே வட்டாரத்தில் இழவு வீட்டின் தோற்றம் வேறு. கூடாரம் அடிக்கப்பெறுகிறது, நாற்காலிகள் வரிசையாக இடப்பெறுகின்றன, ஒலிபெருக்கி பதிவு செய்த தேவாரத்தை முழக்குகிறது, சில வீடுகளில் திரைப்படத்துச் சோகப் பாட்டை. மூலையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி தன்னை மறந்து ஓரடி எடுத்துவிட்டால், படித்த பேரன் விரைந்து வந்து, “பாட்டி, சும்மா இருங்க, எல்லாரும் பார்க்கிறாங்க” என்று அவள் வாயை அடைத்துவிடுகிறான்.

அந்தப் பேரன் தலைநகரில் பணிபுரிபவன் என்றும், பிறிதொரு மாலையில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள ஃபில்ஹார்மோனிக் அரங்குக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்கிறான் என்றும் வைத்துக்கொள்ளலாம். 1998 ஆகஸ்டு 17ஆம் நாள் முதல் நிகழ்ச்சி கண்ட அரங்கம் அது. மேடையில் மொசார்ட்டின் ரெக்குவியம். நரம்பிசைக் கருவியாளர் வில்லை உயர்த்திக் காத்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின்னே பாடகர் கூட்டம் வரிசை வரிசையாக எழுந்து நிற்கிறது. முன்னே தனிக்குரல் பாடும் நால்வர். இசை நடத்துநரின் கோல் அசைந்ததும் பேசெட் ஹார்ன் எனும் துளைக்கருவி இருண்ட குரலில் தொடங்குகிறது. இடையே ஒரு டிராம்போன் தனித்து முழங்க, ஆடவர் குரல் ஒன்று அதனோடு எதிர்நின்று பாடுகிறது. ‘லாக்ரிமோசா’ எனப்பெறும் கண்ணீர்ப் பகுதியில் வயலின்கள் விம்மி விம்மி நிற்கின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அரங்கில் இருமல் ஒலிகூட இல்லை. பேரன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

அவன் கண்ணீரைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை. அவ்விசைக்கு அழாதவன் செவியில் ஏதோ கோளாறு. கேள்வி வேறு. வியன்னாவில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த சாவுப்பாட்டைக் கேட்க ஒழுங்காக உடுத்தி, குறித்த நேரத்துக்கு முன்பே சென்று, மூச்சடக்கி அமரத் தெரிந்தவனுக்கு, தன் வீட்டு வாசலில் எழுந்த சாவுப்பாட்டு ஏன் இரைச்சலாகப் பட்டது? ஒன்றைக் கலையென்றும் மற்றொன்றைக் காட்டுக்கூச்சல் என்றும் அவனுக்குப் பிரித்துக் கொடுத்தவர் யார்?

ரெக்குவியம் என்பது வானத்திலிருந்து இறங்கிய பொருளன்று. கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தோர்க்காக நிறைவேற்றப்பெறும் பூசையின் பாட்டு அது. அப்பூசையின் முதற்சொல்லே அதற்குப் பெயராயிற்று. அச்சொல்லின் பொருளைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘இளைப்பாற்றி’ என்று அழகாகவே சொல்வர். 1791இல் வால்செக் எனும் பிரபு, இருபது வயதில் மறைந்த தம் மனைவிக்காக, தம் பெயரை மறைத்து ஆள்விட்டு, மொசார்ட்டிடம் அதனை எழுதக் கேட்டார். எழுதி வாங்கித் தம் படைப்பாகவே அரங்கேற்றுவது அவர் எண்ணம். (பிறர் எழுதியதைத் தம் பெயரில் மேடையேற்றும் வழக்கம் தமிழ்ச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று என்று ஆறுதல் கொள்ளலாம்.) அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில், வேலையைப் பாதியில் விட்டு மொசார்ட் இறந்தார். கண்ணீர்ப் பகுதியில் அவர் எழுதியது முதல் எட்டு அளவைகளே. எஞ்சியதைச் சுஸ்மையர் எனும் இளைஞர் முடித்தார். ஒரு வீட்டுத் துக்கமும், ஒரு செல்வர் ஆணவமும், ஓர் ஏழைக் கலைஞரின் மரணமும் சேர்ந்து பிறந்த பாட்டு அது. தோட்டத்துக் கிழவியின் பாட்டுக்கும் இதற்கும் பிறப்பில் அத்துணைத் தொலைவு இல்லை.

தொலைவு பின்னர் வந்தது. அப்பூசையின் பகுதிகளுள் கடுந்தீர்ப்பு நாளை நினைவூட்டும் அச்சப்பாட்டு ஒன்று உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர், 1970ஐ ஒட்டிய சீர்திருத்தத்தில், அடக்கப் பூசையிலிருந்து அதனைத் திருச்சபையே நீக்கிவிட்டது. கோயில் கைவிட்டும் பாட்டு சாகவில்லை. ஏட்டில் இசைக்குறியாக எழுதி வைத்திருந்தனர். ஊர்தோறும் பாடகர் குழுவைப் பயிற்றி வைத்திருந்தனர். சாவு இல்லாத நாளிலும் பாடலாம், பிணம் இல்லாத இடத்திலும் பாடலாம் என்னும் துணிவு அவர்களுக்கு இருந்தது. ஒப்பாரிக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதைவிடத் தமிழர் அவற்றை அதற்குக் கொடுக்கவில்லை என்பதே நேர்மை.

அழுவதற்கு இலக்கணம் கண்ட இனம் இது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை தோன்றும் களங்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுக்கிறது. கையறுநிலை என்றொரு துறையே உண்டு. பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடிய சிறு பாட்டையும், அதியமான் மறைவுக்கு ஒளவை பாடியதையும் பள்ளியில் மனப்பாடம் செய்யாத தமிழாசிரியர் இல்லை. இரங்கலுக்கென விளரி எனும் பண் இருந்தது. சாவு வீட்டில் முழங்கும் பறைக்கு நெய்தல் என்று பெயர் இருந்தது. தேர்வுத்தாளில் இவற்றுக்கு மதிப்பெண் உண்டு. கையறுநிலையை வகுப்பில் விளக்கிவிட்டு வரும் ஆசிரியர், வழியில் தப்பொலி கேட்டால் மூக்கைச் சுளிக்கிறார். நூலில் இருந்தால் இலக்கியம், வாசலில் இருந்தால் இழிவு என்பது என்ன கல்வி?

ஒரு நியாயத்தை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பறையடித்தல் ஒரு சாதியார் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பெற்ற வேலையாக இருந்தது. தோட்டத்திலும் அக்கொடுமை கப்பலேறி வந்தது. சீர்திருத்தம் பேசியோர், இனி எவன் சாவுக்கும் எங்கள் பிள்ளைகள் அடிக்கமாட்டார்கள் என்று கருவியைக் கீழே வைத்தது மான உணர்வின் செயல். அதனைப் பழிப்பவர் வரலாறு அறியாதவர். ஆயின் சுமத்தப்பெற்ற வேலை வேறு, அவ்வேலைக்குள் வளர்ந்த கலை வேறு. தமிழகத்தில் அவ்வேறுபாடு உணரப்பெற்றுவிட்டது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையை மேடைக்குக் கொண்டுவந்தனர். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. மலேசியத் தமிழருள் பலர் மட்டும் கருவியோடு சேர்த்து அழுகையையும் கீழே வைத்துவிட்டு, அதற்கு நாகரிகம் என்று பெயரிட்டிருக்கின்றனர்.

இவ்வளவும் ஒரு கலை அழிகிறதே என்னும் ஏக்கம் மட்டுமாயின், இத்துணைச் சினம் தேவையில்லை. பாடப்பெறாமல் காத்திருக்கும் சாவு ஒன்று இருக்கிறது.

1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் இணைந்த சயாம் - பர்மா இருப்புப்பாதை 415 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஜப்பானிய இராணுவம் அதற்காக மலாயாவிலிருந்து கொண்டுசென்ற தொழிலாளர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் முதலிய மாநிலங்களின் தோட்டத் தமிழர். கூலி தருவதாகச் சொல்லி அழைத்தனர். பின்னர் பிடித்தே இழுத்தனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டி லாரியில் ஏற்றியதும் உண்டெனப் பிழைத்து மீண்டோர் கூறியுள்ளனர். காட்டில் காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் காத்திருந்தன. அப்பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேல்; ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பசும்புல் வெட்டிச் சீராக்கிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது; அங்கு ஏறத்தாழ ஏழாயிரம் பேர் துயில்கின்றனர். தொழிலாளருக்குக் கிடைத்தவை பொதுக்குழிகளும் எரிமேடுகளும். அவர்கள் எண்ணிக்கைகூட மதிப்பீடாகவே நின்றுவிட்டது.

இங்கேதான் ஒப்பாரியின் எல்லை தெரிகிறது. ஒப்பாரிக்கு முன்னே ஓர் உடல் வேண்டும்; உறவு சொல்லி அழைக்க ஒரு நாக்கு வேண்டும். சயாமுக்குப் போனவன் உடல் வரவில்லை. செத்தான் என்னும் செய்தியும் பல வீடுகளுக்கு வரவில்லை. தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் இருந்த பெண் எப்படி முதலடி எடுப்பாள்? வராத பிணத்துக்கு வட்டம் கூடுவது யார்? நாளும் கிழமையும் தெரியாத சாவுக்குத் தப்பு அடிக்க முடியாது. தொல்காப்பியர் சொன்ன இளிவு, இழவு, அசைவு, வறுமை நான்கும் ஒருங்கே வாய்த்தும் அழுகை மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது. ரெக்குவியத்தின் வலிமை இத்தகைய இடத்தில்தான் விளங்குகிறது. அது ஒருவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆகவே எவர்க்கும் பொருந்துகிறது. பிணத்துக்குப் பதிலாக அதன் முன் இருப்பது ஒரு கூட்டம். உறவினருக்குப் பதிலாக அதனைப் பாடுவது ஓர் ஊர். ஒப்பாரியின் ஈரமும் அப்பொதுமையும் கூடிய ஒரு பாட்டு தமிழுக்கு வேண்டும். சயாமில் மாண்டோர்க்காகவே அது முதலில் வேண்டும்.

எழுத்தாளர் தம் பங்கைச் செய்திருக்கின்றனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ அதன்பின் வந்தது. முத்தம்மாள் பழனிசாமி தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். 2023இல் தமிழர் அமைப்புகள் முயன்று காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் நடுகல்லும் நாட்டின. எண்பது ஆண்டு தாழ்ந்தாயினும் நடந்தது நற்செயலே. ஆயின் கல் நட்டதோடு கடன் தீர்ந்தது என்று மாலை மாற்றிக்கொண்டு திரும்பியோர் தொல்காப்பியத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகள் அங்கே சொல்லப்பெறுகின்றன. கல்லைத் தேர்ந்து, எடுத்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்தபின், இறுதியாக நிற்பது வாழ்த்தல். அது வாயால் செய்வது. நான்காம் நிலையில் வேலையை நிறுத்தியவர் கல் நட்டவர் ஆவாரேயன்றி இறந்தவரைப் பாடியவர் ஆகார்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துத் தலைமைக் கோயில் 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்தது. இடிபாட்டை அவ்வாறே விட்டு, பக்கத்தில் புதுக்கோயில் எழுப்பி, 1962 மே 25இல் அதனைப் புனிதப்படுத்தினர். ஐந்து நாள் கழித்து, மே 30ஆம் நாள், பெஞ்சமின் பிரிட்டன் எனும் இசையமைப்பாளர் படைத்த ‘போர் ரெக்குவியம்’ அங்கே அரங்கேறியது. பூசையின் பழைய இலத்தீன் வாசகத்துக்கு இடையிடையே, முதல் உலகப் போர் முடிய ஒரு வாரமே இருக்கையில் களத்தில் மாண்ட வில்பிரட் ஓவன் எனும் இளைஞனின் கவிதைகளை அவர் வைத்தார். பெரிய இசைக்குழுவும் பாடகர் கூட்டமும் ஒரு பக்கம். சிறு குழுவோடு போர்வீரரின் தனிக்குரல் ஒரு பக்கம். இவற்றினின்று விலகி, தொலைவிலிருந்து சிறுவர் குழுவின் பாட்டு. ஆங்கிலேயர் ஒருவரையும் ஜெர்மானியர் ஒருவரையும் அருகருகே நிற்கவைத்துப் பாடச் செய்தார். கல்லும் பாட்டும் ஒரே வாரத்தில் நிறைவேறின.

இவ்வாறு சொன்னவுடன் இரு மறுப்புகள் எழும். முதலாவது, அது கிறித்தவர் வழக்கம், தமிழர்க்கு ஏன் என்பது. பிராம்ஸ் 1868இல் இலத்தீன் பூசையை ஒதுக்கித் தம் தாய்மொழியாகிய ஜெர்மனில் வேறு வாசகங்களைத் தாமே தேர்ந்து ரெக்குவியம் செய்தார். இறந்தவரைவிட, இருந்து அழுபவரைத் தேற்றுவதே அதன் நோக்கம். வடிவத்தைக் கொள்பவன் வாசகத்தையும் கொள்ள வேண்டும் என்னும் கட்டாயம் எங்கும் இல்லை. அன்றியும், கடன் ஒரு வழியில் மட்டும் வந்ததன்று. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் கிறிஸ்துவின் பாடுகளை வியாகுலப் பிரசங்கமாக நெஞ்சுருகும் தமிழ் ராகத்தில் பாடி வந்தவர்கள். அங்கே ஒப்பாரி கோயிலுக்குள் சென்றது. யாரும் தீட்டு என்று தடுக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு வசதியைப் பற்றியது. இசைக்குழு எங்கே, அரங்கம் எங்கே, பணம் எங்கே என்பர். திருவாசகத்தை இளையராஜா 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு பாடகர் குழுவோடு வெளியிட்டார். தமிழ்ச் செய்யுள் பெருங்குழு இசையைத் தாங்கும் என்பதற்கு அது போதிய சான்று. அத்துணைப் பணம் இல்லையெனின் தெரேசின்ஸ்டாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். செக் நாட்டில் நாஜிகள் யூதரை அடைத்து வைத்த முகாம் அது. ரஃபாயெல் ஷெக்டர் எனும் கைதி, தம்மிடமிருந்த ஒரே ஓர் இசையேட்டைக் கொண்டு, ஏறத்தாழ 150 கைதிகளுக்கு வெர்டியின் ரெக்குவியத்தை வாய்மொழியாகவே கற்பித்தார். இசைக்குழுவுக்குப் பதில் ஒரு பியானோ. பயின்றவர்கள் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பெறுவர். வந்தவர்களைக் கொண்டு மீண்டும் தொடங்குவார். 1943, 1944ஆம் ஆண்டுகளில் அவர்கள் அதனைப் பதினாறு முறை பாடினர். அதே 1943இல்தான் சயாமில் தமிழர் மண் சுமந்தனர். பட்டினி கிடந்த கைதிக்குக் கூடியது, மண்டபத்துக்குக் குளிரூட்டி பொருத்த நிதி திரட்டும் சங்கங்களுக்குக் கூடாதா?

அச்சங்கங்களின் நினைவேந்தல் எப்படி நடக்கிறது? வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மாண்புமிகு வருகையாளர் உரை, இடையிடையே பொன்னாடை, இறுதியில் நன்றியுரை. மூன்று மணி நேரக் கூட்டத்தில் இறந்தவர்க்கு ஒதுக்கப்பெறுவது ஒரு நிமிட மௌனம். அந்த ஒரு நிமிடமும் நாற்பது நொடியில் முடிந்துவிடுகிறது. அடுத்த மாலை காத்திருக்கிறது. சயாமில் மாண்டவர் எண்பதாண்டாக மௌனமாகத்தான் இருக்கின்றனர். அவர்களுக்கு மேலும் மௌனம் வழங்குவதில் என்ன கொடை இருக்கிறது?

தமிழ்ப்பள்ளிகளும் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இசைக்கல்விக்குப் பாடவேளை இருக்கிறது. பிள்ளைகள் ரிக்கார்டர் ஊதக் கற்கின்றனர். ஆண்டு விழா வந்தால் ஒன்பது வயதுச் சிறுமிக்கு உதட்டுச் சாயம் பூசி, திரைப்படக் காதற்பாட்டுக்கு இடுப்பசைக்கக் கற்பிக்க ஆறு வாரம் கிடைக்கிறது. அந்த ஆறு வாரத்தில் நூறு பிள்ளைகளை இரு குரலில் சேர்ந்து பாடப் பயிற்றலாம். பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றிச் சொல்லலாமா என்று அஞ்சுவோர், அதே பிள்ளைகள் தொலைக்காட்சியில் ஒரு மாலையில் எத்தனை கொலை பார்க்கின்றனர் என்பதை எண்ணிக்கொள்ளட்டும்.

செய்ய வேண்டியது மலைப்பானதன்று. தொடக்கத்தில் தப்பு மட்டும். பின்னர் மூதாட்டி ஒருத்தியின் தனிக்குரல். அடியின் இறுதியில் பெண்கள் கூட்டம் சேரும். பிழைத்து மீண்டவர் சொல்லிச் சென்றவற்றிலிருந்து எடுத்த வாசகத்தை ஆடவர் இருவர் பாடலாம். சிறுவர் குழு தொலைவில் நின்று, ஆள் போன தோட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, மறுபக்கத்தார் பான்பொங், காஞ்சனபுரி, தார்சௌ, கின்சையோக், கொன்கொய்தா, தன்பியூசாயாட் என்று பாதையின் ஊர்ப்பெயர்களால் மறுமொழி தரலாம். பெயர் தெரியாத மனிதர்க்கு ஊர்ப்பெயரேனும் சொல்லி அழுவது பொருந்தும். நாள் தேட வேண்டியதில்லை. பாதை இணைந்த அக்டோபர் 17 இருக்கிறது. இடமும் தேட வேண்டியதில்லை. தலைநகரத்து அரங்கம் கிடைக்கும்வரை பாகான் டத்தோவில் ஒரு பள்ளி மண்டபம் போதும்.

இசையமைப்பாளரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். முதல் ஒத்திகையில் பிள்ளைகளுக்கு அடி எடுத்துக் கொடுக்க வேண்டியவள் மூலையில் வாயடைக்கப்பெற்ற அந்தப் பாட்டிதான். அவளால் இப்பொழுது அவ்வளவு தூரம் நடக்க இயலாது. பேரன் காரில் அழைத்து வரட்டும்.